ஈறு ஒட்டு வைத்த பிறகு மேல் அண்ணத்தில் தாங்க முடியாத எரிச்சல்: எதைத் தடவலாம்?

நாகலூர் மகள் கேட்டது:

வணக்கம். அம்மாவுக்காக எழுதுகிறேன். ஏற்காட்டில் நாகலூர் பக்கம் இருக்கிறோம். அம்மாவுக்கு 56 வயது. சர்க்கரை உண்டு, மாத்திரையில் ஓடுகிறது, ஊசி இல்லை. கீழ் முன்பற்களில் ஈறு இறங்கி வேர் தெரிய ஆரம்பித்துவிட்டது. மலையில் காலைத் தண்ணீர் எப்படி இருக்கும் என்று தெரியுமே, வாய் கொப்பளிக்கும்போதே கண்ணில் நீர் வந்துவிடும். சேலத்தில் ஒரு பல் மருத்துவக் கல்லூரியில் காட்டினோம். மேல் அண்ணத்திலிருந்து மெல்லிய சதை எடுத்து, கீழ் ஈறில் வைத்துத் தைத்தார்கள். போன வியாழக்கிழமை நடந்தது.

ஒட்டிய இடத்தில் பெரிய வலி இல்லை. எடுத்த இடம்தான் பாடாய்ப் படுத்துகிறது. அண்ணத்தில் ஏதோ பசை மாதிரிக் கட்டு வைத்திருந்தார்கள். அது மறுநாள் ராத்திரி கஞ்சியோடு கழன்று வந்துவிட்டது. அதிலிருந்து நாக்கு மேலே பட்டாலே எரிகிறது என்கிறார். பேசுவதே இல்லை, சைகைதான். ஆன்டிபயாடிக், வலி மாத்திரை, குளோர்ஹெக்ஸிடின் மவுத்வாஷ் கொடுத்திருக்கிறார்கள். தையல் பிரிக்க அடுத்த வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள்.

பக்கத்து வீட்டுப் பாட்டி மலைத்தேன் கொண்டுவந்து கொடுத்தார். பெரியம்மா கிராம்புத் தைலம் வைக்கச் சொல்கிறார். மஞ்சளைக் குழைத்துப் பூசு என்று இன்னொருவர். கடைத்தெருவில் ‘வாய்ப்புண் மருந்து’ என்று கேட்டு ஒரு சிறிய டியூப் வாங்கி வந்தேன், இன்னும் திறக்கவில்லை. இதில் எதைத் தடவலாம்? அப்புறம், புண்ணின் மேல் வெள்ளையும் மஞ்சளுமாக ஒரு படலம் தெரிகிறது. சீழா? சீழ் என்றால் நாளைக்கே கீழே இறங்கிவிடுகிறேன். ஆனால் மழையும் பனியுமாக இருக்கிறது. 20 கொண்டை ஊசி வளைவிலும் அம்மாவை உலுக்கிக்கொண்டு போக மனசு வரவில்லை.

அம்மாவுக்கு வெற்றிலை பாக்குப் பழக்கமும் உண்டு. ‘புகையிலை இல்லாமல் வெறும் வெற்றிலை போடலாமா’ என்று கேட்டு எழுதிக் காட்டுகிறார்.


அம்மாபேட்டை தறிக்காரர் பதில்:

எனக்கும் போன வருஷம் ஒரு பல்லுக்கு ஒட்டு வைத்தார்கள். ஆனால் எனக்கு அண்ணத்தில் கோடு மாதிரிக் கீறி, உள்சதையை மட்டும் எடுத்துவிட்டு மேல்தோலை மூடித் தைத்துவிட்டார்கள். அதனால் உங்கள் அம்மா அளவுக்கு வலி இல்லை. மருந்தைப் பற்றி நான் சொல்வது சரியாக இருக்காது. சாப்பாடு மட்டும் சொல்கிறேன்.

நம்ம ஊர் ஜவ்வரிசியை முன்னாடியே ஊறவைத்துக் கண்ணாடியாக ஆகும்வரை வேகவைத்து, மோர் ஊற்றி நன்றாக ஆறவிட்டுக் கொடுங்கள். வழுக்கிக்கொண்டு இறங்கும், அண்ணத்தில் ஒட்டாது. சர்க்கரை இருப்பதால் அளவாகக் கொடுங்கள், ஜவ்வரிசி முழுக்க மாவுதான். கூடவே முட்டையைத் தளரக் கிண்டி ஆறவைத்துக் கொடுக்கலாம். பருப்பை மசித்துக் குழைந்த சாதத்தில் கலந்து கொடுக்கலாம். ராகிக்கூழும் நல்லது, உப்பு மட்டும் கம்மியாக. ஸ்ட்ரா போட்டு உறிஞ்ச விடாதீர்கள், அது எனக்குக் கண்டிப்பாகச் சொன்னது. தட்டுவடை செட், முறுக்கு, பொரி எல்லாம் அம்மா கண்ணில் படாமல் வையுங்கள்.


அஸ்தம்பட்டி மருந்தாளர் பதில்:

வணக்கம் கண்ணு. அஸ்தம்பட்டியில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். பல் மருத்துவக் கல்லூரிச் சீட்டோடு வருகிறவர்கள் எங்கள் கடைக்கு நிறைய. அதனால் இந்த அண்ணத்து வலியை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். எல்லோரும் ‘ஈறு ஆபரேஷன்’ என்றுதான் சொல்லுவார்கள், கை மட்டும் மேல் அண்ணத்தைக் காட்டும்.

முதலில் உங்கள் பயம். அந்த வெள்ளை மஞ்சள் படலம் சீழ் இல்லை. திறந்த புண்ணின் மேல் உடம்பே விரிக்கிற ஃபைப்ரின் படலம் அது. வெளித்தோலில் பொருக்கு கட்டும், வாய்க்குள் ஈரம் என்பதால் இப்படி இருக்கும். அதைச் சுரண்டவோ பஞ்சால் துடைத்து எடுக்கவோ கூடாது. சீழ் என்றால் வலி நாளுக்கு நாள் ஏறும், காய்ச்சல் வரும், வீக்கம் கூடும், அழுத்தினால் கெட்ட வாடையோடு கசியும். அப்படி இருந்தால் மழையைப் பார்க்காமல் இறங்கிவிடுங்கள்.

இப்போது அந்த டியூப். திறக்காமல் வைத்திருப்பது நல்லதாகப் போயிற்று. பெட்டியின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் உள்ளே என்ன இருக்கிறது என்று போட்டிருக்கும், அதைப் படித்து இங்கே எழுதுங்கள். ‘வாய்ப்புண் மருந்து’ என்று கேட்டால் கடையில் மூன்று நான்கு வகை வரும், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை.

டிரையம்சினோலோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. தானாக வருகிற கொப்புளப் புண்ணுக்கு நல்ல மருந்து. ஆனால் கத்தி பட்ட புது ரணத்துக்கு மருத்துவர் சொல்லாமல் வைக்கக் கூடாது. ஆறுவதைத் தாமதப்படுத்தும், கிருமித் தொற்றுக்கும் வழிவிடும். சர்க்கரைக்காரருக்கு இரண்டுமே ஆகாது. கோலின் சாலிசிலேட் என்றால் ஆஸ்பிரின் குடும்பம். பச்சை ரணத்தில் பட்டதும் சுரீரென்று எரியும், ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்கள் தொடவே கூடாது. பென்சோகெய்ன், லிக்னோகெய்ன் என்றால் மரத்துப்போக வைக்கிற ஜெல். இது உங்களுக்கு உதவக்கூடியது, ஆனால் தடவும் முறை முக்கியம்.

ஈரத்தின் மேல் ஜெல் நிற்காது. எச்சிலோடு தொண்டைக்குள் போய்த் தொண்டை மரக்கும், வலிக்கிற இடம் அப்படியே இருக்கும். அம்மாவை உட்காரவைத்துத் தலையைக் கொஞ்சம் குனியச் சொல்லுங்கள். சுத்தமான காஸ் துணியை அண்ணத்தில் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, பட்டாணி அளவு 2 சதவீத லிக்னோகெய்ன் ஜெல்லை விரல் நுனியில் எடுத்து, புண்ணின் மேல் மெதுவாக வையுங்கள். சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் வைத்தால் சாப்பிடும் நேரத்துக்கு எரிச்சல் அடங்கியிருக்கும். ஒரு நாளைக்கு எத்தனை முறை என்று கல்லூரிக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள், சீட்டிலேயே நம்பர் இருக்கும். மரத்த வாய்க்குச் சூடு தெரியாது, கன்னத்தைக் கடித்தாலும் தெரியாது. எனவே கொடுப்பது எல்லாம் ஆறியிருக்க வேண்டும். உங்கள் தோட்டத்துக் காப்பியையும் ஆறவைத்துத்தான் கொடுக்க வேண்டும் கண்ணு. அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டில் குடித்தால் ரத்தம் கசியும்.

மரத்துப்போக வைப்பது பிடிக்கவில்லை என்றால் பென்சிடமின் 0.15 சதவீதம் என்று ஒரு மவுத்வாஷ் உண்டு. வலியையும் வீக்கத்தையும் அந்த இடத்திலேயே குறைக்கும். எரிந்தால் சம அளவு தண்ணீர் கலந்துகொள்ளலாம்.

தேன், கிராம்பு, மஞ்சள். இவை மூன்றையும் வைத்திருப்பவர்கள் அன்பால்தான் கொடுக்கிறார்கள், அதனால் முறித்துப் பேசாமல் வாங்கி வையுங்கள். ஆனால் கிராம்புத் தைலம் கட்டாயம் வேண்டாம். சொத்தைப் பல் குழியில் பஞ்சில் தொட்டு வைப்பது வேறு. அதிலிருக்கும் யூஜினால் தோல் இல்லாத சதையைச் சுட்டுவிடும். மஞ்சள்தூள் துகள் தையலில் போய் உட்காரும், அதை எடுக்கத் தேய்க்க வேண்டிவரும், தேய்த்தால் ஒட்டு நகரும். தேன் விஷயத்தில் நான் கொஞ்சம் தயங்குகிறேன். புண்ணுக்குத் தேன் நல்லது என்று சோதித்தது கதிர்வீச்சு கொடுத்துக் கிருமி நீக்கிய மருத்துவத் தேனை. பாட்டி கொடுத்தது அடையிலிருந்து பிழிந்தது. அதோடு அம்மாவுக்கு வேர் தெரிகிற பல், இப்போது பிரஷ்ஷும் போட முடியாது. அந்தப் பல்லைச் சுற்றி இனிப்பு தேங்குவதில் எனக்குச் சம்மதமில்லை.

குளோர்ஹெக்ஸிடினை விடாதீர்கள். ஆனால் ‘கடகட’ என்று கொப்பளிக்கக் கூடாது. வாயில் ஊற்றி, தலையை அப்படி இப்படிச் சாய்த்து, வாயைத் திறந்து வழியவிட வேண்டும். மற்றப் பற்களுக்குப் பேஸ்ட் போட்டுத் துலக்கினால் அரை மணி நேரம் கழித்துத்தான் இது. பேஸ்ட்டில் நுரைக்காகச் சேர்ப்பது இதன் வேலையைக் கெடுக்கும். பல் பழுப்பாகும், நாக்கில் ருசி மாறும். பயப்பட வேண்டாம், நிறுத்தினால் ருசி திரும்பும், கறையைச் சுத்தம் செய்துகொள்ளலாம்.

வலி மாத்திரை என்ன என்று பாருங்கள். பாரசிட்டமால் 650 என்றால் 6 மணி நேர இடைவெளி, நாளைக்கு 4-க்கு மேல் கூடாது. வலி அதிகம் என்று வேறு பெயரில் இன்னொன்று வாங்காதீர்கள், அதற்குள்ளும் பாரசிட்டமாலே இருக்கும். சிறுநீரகம், வயிற்றுப்புண், பிரஷர் மாத்திரை ஏதும் இருந்தால் இபுபுரூஃபென் வகையைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

இவ்வளவு எழுதிவிட்டு ஒன்று சொல்கிறேன், இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிது. உங்கள் அம்மாவின் வலி கட்டு கழன்ற ராத்திரியிலிருந்து ஆரம்பித்திருக்கிறது, நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த ரணத்தைத் திரும்ப மூடினால்தான் அவருக்கு நிம்மதி. எதைத் தடவினாலும் நாக்கு வழித்துக்கொண்டு போய்விடும். மூடி வைத்தால் நாக்கும் படாது, சோறும் படாது. கல்லூரிக்குப் போன் போட்டு ‘அண்ணத்துக் கட்டு விழுந்துவிட்டது, வேறு கட்டோ, அண்ணத்தை மூடுகிற தட்டோ வைக்க முடியுமா’ என்று இதே வார்த்தைகளில் கேளுங்கள். அதற்காக ஒருமுறை வளைவுகளில் இறங்கி வருவது வீண் இல்லை.

கீழே ஒட்டியதை மட்டும் யாரும் தொட வேண்டாம். புதிதாக நட்ட காப்பி நாற்று பிடித்துவிட்டதா என்று ஆட்டிப் பார்ப்பீர்களா? உதட்டை இழுத்து இழுத்துப் பார்ப்பதும் அப்படித்தான். அதன் மேல் எந்த ஜெல்லும் வேண்டாம்.

வெற்றிலைக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். சுண்ணாம்பு ரணத்தை அரிக்கும், பாக்கு குத்தும். புகையிலை ரத்த ஓட்டத்தைக் குறைக்கும், ஒட்டு பிடிக்க ரத்த ஓட்டம்தான் வேண்டும். அம்மாவிடம் கோபப்படாமல் சொல்லுங்கள். வாய் சும்மா இருப்பதே அவருக்குப் பெரிய கஷ்டமாக இருக்கும்.


நாகலூர் மகள்:

மருந்தாளர் அம்மா, ரொம்ப நன்றி. பெட்டியைப் பார்த்தேன். டிரையம்சினோலோன் என்றுதான் இருக்கிறது. எடுத்துத் தனியாக வைத்துவிட்டேன். வலி மாத்திரை பாரசிட்டமால் மட்டும்தான். கல்லூரிக்குப் போன் போட்டேன், நாளைக் காலையில் வரச் சொல்லிவிட்டார்கள். குப்பனூர் வழியாக இறங்கலாம் என்று அண்ணன் சொல்கிறான்.

ஒரு சந்தேகம். ராத்திரி தூக்கத்தில் அண்ணத்திலிருந்து ரத்தம் வந்தால் என்ன செய்வது? மலையில் அந்த நேரத்துக்கு வண்டி கிடைக்காது. அதை நினைத்தே எனக்குத் தூக்கம் வரவில்லை.


ஈறு சிகிச்சை முதுகலை மாணவர் பதில்:

அக்கா, நான் ஈறு சிகிச்சைப் பிரிவில் முதுகலை படிக்கிறேன். ரத்தக் கேள்விக்கு முதலில்.

எச்சிலில் லேசாகச் சிவப்பு கலந்து வந்தால் அது ரத்தப்போக்கு இல்லை. சொட்டச் சொட்ட வந்தால், காஸ் துணியை மடித்துத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, புண்ணின் மேல் வைத்து, விரலால் மேல்நோக்கி அழுத்துங்கள். நன்றாக அழுத்த வேண்டும், அம்மாவுக்கு வலித்தாலும். 15 முதல் 20 நிமிடம் கடிகாரம் பார்த்து. நடுவில் ‘நின்றுவிட்டதா’ என்று எடுத்துப் பார்த்தால் கட்டிய ரத்தம் துணியோடு வந்துவிடும், மறுபடி முதலிலிருந்து. கொப்பளிக்க வேண்டாம், படுக்க வேண்டாம், தலை உயரமாக இருக்கட்டும். அப்படியும் நிற்காவிட்டால் விடியும்வரை காத்திருக்காமல் ஏற்காடு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அண்ணத்தில் ஓடும் ரத்தக்குழாய் சிறியதில்லை, அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன். காஸ் துணியை இன்றே வாங்கித் தலைமாட்டில் வைத்துவிட்டால் உங்களுக்கும் தூக்கம் வரும். சில நாள் தாண்டிவிட்டதால் வாய்ப்பும் குறைந்துகொண்டே வரும்.

மருந்தாளர் அம்மா எழுதியதில் மூடுவதைப் பற்றிய பத்தியைத்தான் நானும் எழுத வந்தேன். எங்கள் துறையில் அண்ணத்துப் புண்ணுக்கு எதை எதையோ வைத்துச் சோதித்திருக்கிறார்கள். ஹயலுரானிக் அமில ஜெல், கற்றாழை, சுக்ரால்ஃபேட், ஓசோன் ஏற்றிய எண்ணெய், ஃபெனிடாயின் என்று பட்டியல் நீளும். எனக்கு இவற்றில் நம்பிக்கை உள்ளது ஹயலுரானிக் அமிலம். நம் திசுவிலேயே இருக்கிற பொருள், எரியாது, வலியும் குறைந்து புண்ணும் சீக்கிரம் மூடுவதாக முறையான ஆய்வுகளில் வந்திருக்கிறது. 0.2 சதவீத ஜெல் கிடைக்கும். ஆனால் அதையும் அந்த ஆய்வுகளில் சிலவற்றில் வைத்துவிட்டு மேலே கட்டுப் போட்டுத்தான் மூடினார்கள். வெறுமனே தடவிவிட்டு அதே பலனை எதிர்பார்க்க முடியாது.

மூடுவதற்கு வழிகள் உண்டு. கொலாஜன் பஞ்சு வைத்துக் குறுக்கே தையல் போடலாம். அதன் மேல் சயனோஅக்ரிலேட் என்ற மருத்துவப் பசையை விட்டால் ஈரம் பட்டதும் இறுகி, சில நாளில் தானே உதிர்ந்துவிடும். (கடையில் விற்கிற ஒட்டும் பசையும் இதுதானே என்று யாரும் முயற்சி செய்ய வேண்டாம். வேதிப்பொருள் குடும்பம் ஒன்று, ஆனால் அது சதைக்கு நஞ்சு.) அறுவை அன்றே கையில் ரத்தம் எடுத்து, சுழற்றி, ஃபைப்ரின் சவ்வாக்கிப் புண்ணில் தைப்பதும் உண்டு. 2001-இல் பிரான்ஸில் வந்த முறை, பி.ஆர்.எஃப் என்போம். வலி குறைப்பதில் நன்றாக வேலை செய்கிறது. உங்கள் அம்மாவுக்கு அந்த நேரம் தாண்டிவிட்டது. இப்போது அவருக்குச் சரியாக வரக்கூடியது புதுக் கட்டு, அல்லது அண்ணத்தை மூடுகிற ஒரு மெல்லிய கண்ணாடி நிறத் தட்டு. பல்செட்டுத் தட்டு மாதிரிப் பற்களில் மாட்டிக்கொள்ளலாம், கழற்றிக் கழுவலாம். அறுவைக்கு முன் எடுத்த மாவு அளவு அச்சு அவர்களிடம் இருந்தால் அம்மா வாயில் மறுபடி அளவெடுக்காமலே செய்துவிடலாம். நாளைக்குப் போகும்போது ‘பழைய அச்சு இருக்கிறதா’ என்று கேளுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் மருந்தாளர் அம்மாவோடு சேர்த்து ஒன்று சொல்ல வேண்டும். குளோர்ஹெக்ஸிடின் கொப்பளிக்க நல்லது, பிரஷ் போடாத இரண்டு வாரத்துக்கு அதைவிட வேறு வழியும் இல்லை. ஆனால் அதே மருந்து 1 சதவீத ஜெல்லாக வருகிறது, அதைச் சிலர் புண்ணிலேயே அப்புகிறார்கள். ஆய்வகத்தில் பார்த்தால் சதை வளர்க்கும் செல்களை அது பாதிக்கிறது. எனவே திறந்த அண்ணத்தில் ஜெல்லாக வேண்டாம்.

கீழே ஒட்டியது இப்போது வெளுத்துப் போன மாதிரித் தெரிந்தால் செத்துவிட்டது என்று நினைக்காதீர்கள். முதல் இரண்டு மூன்று நாள் அதற்குள் ரத்தக்குழாய் கிடையாது, அடியிலிருந்து கசிகிற நீரில்தான் உயிரோடு இருக்கிறது. அப்புறம்தான் குழாய்கள் உள்ளே வளரும். மேல்தோல் வெள்ளையாக உரியும், அடியில் சிவப்பு வரும், பிறகு இளஞ்சிவப்பு. அண்ணத்துப் புண்ணில் புதுத்தோல் மூட 2 முதல் 4 வாரம் ஆகும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் இன்னும் தள்ளிப்போகும். கஞ்சியும் கூழுமாகச் சாப்பிடும் நாளில் சர்க்கரை அளவு எகிறும் அக்கா, வீட்டில் மீட்டர் இருந்தால் காலையில் பார்த்துக்கொள்ளுங்கள். சாப்பாடு குறைந்துவிட்டால் மாத்திரை அதே அளவா என்று சர்க்கரை மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். எனக்கு ஈறைவிட இதுதான் கவலை.


நாகலூர் மகள்:

போய்விட்டு வந்தோம். அச்சு வைத்திருந்தார்கள்! மத்தியானத்துக்குள் தட்டு செய்து மாட்டிவிட்டார்கள். மாட்டும்போது அம்மா என் கையை நசுக்கிவிட்டார். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து நாக்கை மேலே வைத்துப் பார்த்துவிட்டு ‘எரியலை’ என்றார். ஆஸ்பத்திரி வாசலில் நின்று என்னோடு ஐந்து நிமிடம் பேசினார். தட்டு இருப்பதால் ‘ச’வும் ‘ல’வும் குழறுகிறது, அதைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை.

ஹயலுரானிக் ஜெல்லைத் தட்டின் உட்புறம் அந்த இடத்தில் ஒரு துளி வைத்து மாட்டலாம் என்று சொல்லிக் கொடுத்தார்கள். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் போட்டிருக்க வேண்டும். சர்க்கரை 210 இருந்தது. ஜவ்வரிசியைக் குறைத்து முட்டையும் பருப்பும் கூட்டச் சொன்னார்கள், மாத்திரைக்கு அங்கேயே பொது மருத்துவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அம்மாபேட்டை அண்ணா, மோரில் போட்ட ஜவ்வரிசி அம்மாவுக்குப் பிடித்துவிட்டது, ஒரு கிண்ணத்தோடு நிறுத்திக்கொள்கிறோம்.

தட்டை எதில் கழுவுவது என்று கேட்க மறந்துவிட்டேன். வெந்நீரில் போட்டால் கிருமி போகுமா?


அஸ்தம்பட்டி மருந்தாளர்:

வெந்நீர் வேண்டாம் கண்ணு, தட்டு வளைந்துவிடும், அப்புறம் மாட்டினால் புண்ணில் குத்தும். பச்சைத் தண்ணீரில் கழுவி, தனியாக ஒரு மெல்லிய பிரஷ் வைத்துச் சோப்புத் தண்ணீர் தொட்டுத் தேய்த்து அலசுங்கள். பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் கீறல் விழும். கழற்றி வைக்கும் நேரத்தில் மூடிய டப்பாவில் தண்ணீர் ஊற்றிப் போடுங்கள், உலர விட வேண்டாம். கழற்றும்போது அம்மா இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கீழே இழுக்கட்டும், ஒரு பக்கம் மட்டும் நெம்பினால் விளிம்பு புண்ணைத் தேய்க்கும்.

தையல் பிரிக்கும் நாளன்று சாப்பாட்டுக்குப் பிறகு பாரசிட்டமால் ஒன்று போட்டுக்கொண்டு புறப்படுங்கள்.